ஹட்டனிலிருந்து ஜெனீவாவுக்கு எந்தக் காகிதம் போக வேண்டும்?

மலையகத்தில் ஒரு எழுத்தாளரைப் பொலிஸ் கொண்டுபோனால் முதல் இரண்டு நாளில் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஹட்டன் மல்லியப்பு சந்தியில் பதாகை பிடிப்பார்கள். பேஸ்புக்கில் முகப்புப் படங்கள் கறுப்பாகும். ஒரு தொழிற்சங்கத் தலைவர் அறிக்கை விடுவார், இன்னொருவர் அந்த அறிக்கைக்குப் பதில் அறிக்கை விடுவார். "சர்வதேசம் உடனடியாகத் தலையிட வேண்டும்" என்ற வரி இரண்டிலும் இருக்கும். அந்தச் சர்வதேசம் யார், எந்த அலுவலகத்தில் எந்த மேசை, அந்த மேசைக்கு என்ன காகிதம் போனால் அவர்கள் பேனாவைத் திறப்பார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. இந்தப் பதிவு முழுக்க அந்தக் காகிதங்களைப் பற்றித்தான்.

எவ்வளவு சத்தம் போட்டோம் என்பதை விட யார் கேட்டார்கள், எப்படிக் கேட்டார்கள் என்பதே முக்கியம் என்று அல்ஜீரிய எழுத்தாளர் புவாலெம் சன்சாலின் வழக்கு காட்டியது. 2024 நவம்பர் 16 அன்று அல்ஜியர்ஸ் விமான நிலையத்தில் வைத்து அவரைப் பிடித்தார்கள். மொரோக்கோவுடனான எல்லை பற்றி ஒரு பிரெஞ்சு ஊடகத்துக்குச் சொன்ன கருத்து, தேச ஒருமைப்பாட்டுக்குப் பங்கம் என்ற குற்றச்சாட்டாக மாறியது. அதே ஆண்டில்தான் அவர் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்றிருந்தார். பாரிஸில் ஆர்ப்பாட்டம், அமைச்சர்களின் பேச்சு, 2025 ஜனவரி 23இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் தீர்மானம் என்று எல்லாம் நடந்தது. மார்ச்சில் அவருக்கு ஐந்து ஆண்டுச் சிறை, ஜூலையில் மேன்முறையீட்டிலும் அதே தண்டனை. மேற்கு சகாரா விவகாரத்தில் பிரான்ஸ் மொரோக்கோ பக்கம் சாய்ந்திருந்த நேரம் அது. பழைய எஜமான் கேட்டு விட்டுக்கொடுப்பதா என்று அல்ஜியர்ஸ் முறுக்கிக்கொண்டது. நவம்பரில் ஜெர்மன் ஜனாதிபதி ஸ்டைன்மையர், அவருடைய வயதையும் நோயையும் சொல்லி, மனிதாபிமான அடிப்படையில் விடுவிக்கும்படி கேட்டார். ஓரிரு நாளில், நவம்பர் 12 அன்று, மன்னிப்பு வந்தது. சிகிச்சைக்கு ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். பிரான்ஸின் சத்தம் வீண் என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் பெர்லினில் யாருக்கும் அந்தப் பெயர் நினைவில் இருந்திருக்காது. ஆனால் சிறைக்கதவைத் திறக்க வேறொருவர் வேறொரு தொனியில் கேட்க வேண்டியிருந்தது.

நம் நாட்டு வழக்குகளுக்கு வருவோம். பத்திரிகையாளர் ஜே. எஸ். திசைநாயகம் 2008 மார்ச்சில் கைதானார். 2006இல் ஒரு சஞ்சிகையில் எழுதியவற்றுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தைப் பிரயோகித்தார்கள். 2009 மே மாதம், உலகப் பத்திரிகைச் சுதந்திர தின அறிக்கையில், ஒபாமா அவருடைய பெயரைக் குறிப்பிட்டார். நான்கு மாதம் கழித்து, ஒகஸ்ட் 31இல், கொழும்பு மேல் நீதிமன்றம் 20 ஆண்டு கடூழியச் சிறை விதித்தது. அமெரிக்க ஜனாதிபதி வாய் திறந்தால் மறுநாள் கதவு திறக்கும் என்று நம்புகிறவர்கள் இந்த இரண்டு திகதிகளையும் குறித்துக்கொள்ளலாம். இலங்கைப் பொருட்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் கொடுக்கும் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச்சலுகையை நிறுத்துவது பற்றி பிரசெல்ஸில் முடிவாகிக்கொண்டிருந்த மாதங்களில், 2010 ஜனவரியில், பிணை கிடைத்தது. மே 3இல் ஜனாதிபதி மன்னிப்பு அறிவிக்கப்பட்டது. இதனால்தான் அது என்று கோடு இழுக்க முடியாது. ஆனால் அறிக்கை அசைக்காததைக் காலக்கெடுவுள்ள ஒரு பேரம் அசைக்கலாம் என்ற சந்தேகத்துக்கு இடமிருக்கிறது. மன்னிப்பு வேறு, விடுதலைத் தீர்ப்பு வேறு என்பதையும் மறக்கக் கூடாது. மன்னிப்புக் கிடைத்தவர் குற்றமற்றவர் என்று எந்த நீதிமன்றமும் சொல்லியிருக்காது.

சிங்களச் சிறுகதையாளர் சக்திக சத்குமாரவை 2019 ஏப்ரல் 1 அன்று பொல்கஹவெலயில் கைது செய்தார்கள். காரணம் அவர் பேஸ்புக்கில் போட்ட ஒரு கதை. பிரயோகித்தது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐ.சி.சி.பி.ஆர். சட்டம், அதாவது குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையை நம் சட்டத்துக்குள் கொண்டுவருவதாகச் சொல்லி நிறைவேற்றிய சட்டம். ஐரோப்பிய வரிச்சலுகையைத் தக்கவைக்க அவசரமாகக் கொண்டுவந்தது அது. உரிமையைக் காக்க வந்த சட்டமே கதை எழுதியவரை நான்கு மாதம் உள்ளே வைத்தது. ஒகஸ்டில் பிணை கிடைத்தது. 2021 பெப்ரவரியில் சட்டமா அதிபர் வழக்கைத் தொடரவில்லை. மன்னாரைச் சேர்ந்த கவிஞர், ஆசிரியர் அஹ்னாப் ஜஸீமை 2020 மே 16இல் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்தார்கள். "நவரசம்" என்ற அவருடைய தமிழ்க் கவிதை நூல் தீவிரவாதத்தைப் பரப்புகிறது என்றார்கள். நூலைத் தமிழில் படித்தவர்கள் அதில் வன்முறைக்கு எதிரான கவிதைகள் இருப்பதைக் காட்டினார்கள். ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் 2021 ஜூன் 10 தீர்மானத்தில் அவருடைய பெயர் இருந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் பிணை, 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றத்தில் விடுதலை.

ஆகவே கைதான அன்று கேட்க வேண்டிய முதல் கேள்வி "எந்தச் சட்டம்?" என்பதுதான். "ஏன்?" என்பதைப் பிறகு பார்க்கலாம். சாதாரணச் சட்டம் என்றால் 24 மணி நேரத்துக்குள் நீதவான் முன்னால் கொண்டுவர வேண்டும். ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தின் 3ஆம் பிரிவு என்றால் நீதவான் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றம் மட்டுமே, அதுவும் விசேட காரணம் காட்டினால் மட்டுமே கொடுக்கும். தண்டனை பத்து ஆண்டு வரை போகலாம். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் தடுப்புக்காவல் உத்தரவை மூன்று மூன்று மாதமாக நீடிக்கலாம். முன்பு 18 மாதம் வரை போனதை 2022 திருத்தம் 12 மாதமாகக் குறைத்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குக் கொடுத்த வாக்குமூலமே சாட்சியமாக நிற்கும். அதனால் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் தமிழ் மட்டும் வாசிக்கத் தெரிந்தவர் கையெழுத்து வைப்பது மலையக வழக்குகளில் மிகப் பெரிய ஓட்டை. தமிழில் எழுதும்படி கேட்டதையும், மறுத்திருந்தால் மறுத்தார்கள் என்பதையும் சட்டத்தரணியிடம் உடனே சொல்லி வைக்க வேண்டும்.

கைதுப் பற்றுச்சீட்டு கேளுங்கள். தரமாட்டார்கள் என்று தெரிந்தாலும் கேளுங்கள். கேட்டும் தரவில்லை என்பதும் பிறகு ஒரு தகவல். வந்த நேரம், வாகன இலக்கம், சீருடையா சிவில் உடையா, எத்தனை பேர், எடுத்துப்போன தொலைபேசி, கொப்பி, புத்தகம் எத்தனை என்பதை அன்று இரவே எழுதி, பார்த்தவர் இருவர் கையெழுத்து வைக்க வேண்டும். ஒரு வாரம் போனால் மேட்டு லயத்துக்காரர் (லயம் என்பது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) சொல்கிற நேரம் ஒன்று, பணிய லயத்துக்காரர் சொல்கிற நேரம் வேறொன்றாக இருக்கும். பிறகு இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற துரித இலக்கத்துக்கு அழைத்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கண்டியிலும் பதுளையிலும் பிராந்திய அலுவலகங்கள் உண்டு. பயங்கரவாதத் தடைச் சட்டக் கைதை 48 மணி நேரத்துக்குள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ஆணைக்குழுவின் சட்டமே சொல்கிறது. தெரிவித்தார்களா என்று நாம் கேட்டால்தான் அந்த விதிக்கு உயிர்.

நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுப் போட ஒரு மாதம்தான் இருக்கிறது. மலையகக் குடும்பங்கள் பெரும்பாலும் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான். கொழும்புக்குப் போகிற நாளில் பேர் இல்லை, அதாவது அன்றைய நாட்சம்பளம் இல்லை. யாரோ ஒரு தலைவர் "பேசியிருக்கிறேன், இந்த வாரம் விட்டுவிடுவார்கள்" என்பார். அப்படியே முப்பது நாள் கரையும். ஆணைக்குழுவில் முறைப்பாடு இருந்தால் அந்தக் காலம் கணக்கில் வராது என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஆனால் முறைப்பாடு கொடுத்த துண்டு மட்டும் போதாது. அங்கே விசாரணை நிலுவையில் இருக்கிறது என்பதைக் காட்டக் கடிதம் வேண்டும். ஒரு மாதத்துக்குள் மனுவைப் போட்டுவிடுவதே பாதுகாப்பு. ஐ.நா.வுக்குப் போவதற்கு உள்நாட்டு மனு கட்டாயமில்லைதான். ஆனால் "உள்ளூரில் என்ன செய்தீர்கள்?" என்று தூதரகத்தில் கேட்கும்போது மனு இலக்கம் சொல்ல முடிந்தால் பேச்சே வேறு விதமாகப் போகும்.

உள்ளூர் நீதிமன்றத்தை யாரும் அற்பமாக நினைக்க வேண்டியதில்லை. 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டத்தில் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் பேசிய பிரேஸ்கேர்டில் என்ற, அவுஸ்திரேலியாவிலிருந்து தோட்டத்துரை வேலை பழக வந்தவரை நாடு கடத்த ஆளுநர் ஸ்டப்ஸ் கட்டளை போட்டார். மடுல்கலைத் துரைமார் கொதித்துப் போயிருந்த நேரம். அந்தக் கட்டளை செல்லாது என்று தீர்த்தது பிரித்தானியர் நடத்திய உயர் நீதிமன்றமே. ஆட்கொணர்வு மனு என்ற காகிதம் அன்றைக்கு லண்டன் வரை அதிர்ந்தது.

இனி, எல்லாவற்றுக்கும் அடிப்படையான காகிதம்: எல்லா அமைப்புக்கும் அனுப்ப, வழக்கைச் சுருக்கிச் சொல்லும் ஒரு பக்கம். வெளிநாட்டு அமைப்பில் ஒரு ஆசிய அலுவலர் காலையில் திறக்கும் மின்னஞ்சல்களில் நம்முடையதும் ஒன்று. முதல் பத்து வரியில் ஆள் யார், எப்போது, எந்தச் சட்டத்தில், எங்கே இருக்கிறார், அடுத்த தவணை எப்போது என்பது தெரியாவிட்டால் அது ஓரமாகப் போய்விடும். "இனவாத அரசின் கோரப்பிடியில் சிக்கித் தவிக்கும் எமது மக்கள் கவிஞர்" என்று தொடங்கும் கடிதத்தில் நான்காவது பந்தியில்தான் பெயரே வருகிறது. அந்தக் கோபம் மேடைக்குச் சரி. மின்னஞ்சலில் "காலை 6.30, இரண்டு வாகனம், ஏழு பேர், பிடியாணை காட்டவில்லை, இன்ன பிரிவு என்று மறுநாள் நீதிமன்றத்தில் சொன்னார்கள்" என்று எழுதினால் அதுவே கோபத்தை விட அதிகம் பேசும்.

பெயரில்தான் முதல் சிக்கல். தோட்டத்து கிளாக்கர் ஐயா அந்தக் காலத்தில் எழுதிக்கொடுத்தபடி பிறப்புச் சான்றிதழில் "லெச்சுமணன்". அடையாள அட்டையில் "லட்சுமணன்". புத்தக அட்டையில் ஊர்ப்பெயரோடு ஒரு புனைபெயர். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று எழுத்துக்கூட்டல். லண்டனில் ஒரு அமைப்பு ஒரு பெயரிலும், நியூயோர்க்கில் இன்னொன்று வேறு பெயரிலும் கோப்புத் திறந்தால் இரண்டு பேர் என்று நினைத்துவிடுவார்கள். ஆகவே குற்றப்பத்திரிகையில் அல்லது பொலிஸ் நீதவானிடம் கொடுக்கும் பீ அறிக்கையில் எப்படி இருக்கிறதோ அந்த ஆங்கில எழுத்தைத் தலைப்பில் போட்டு, மற்றவற்றை "என்றும் அழைக்கப்படுவார்" என்று கீழே கொடுங்கள். பிறகு எல்லாக் கடிதத்திலும் அதையே பயன்படுத்துங்கள்.

அடுத்தது முகவரி. லயத்துக்குத் தனி முகவரி கிடையாது என்பதால் கடிதம் தோட்ட அலுவலகத்துக்குத்தான் போகும். அங்கிருந்து எப்போது, யார் கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஜெனீவாவிலுள்ள ஐ.நா. அலுவலகத்திலிருந்து வரும் கடிதம் தோட்டத்தில் எல்லோருக்கும் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. சட்டத்தரணியின் நகரத்து முகவரியைக் கொடுத்துவிடலாம்.

அந்தப் பக்கத்தில் மீதி இருக்க வேண்டியவை: பிறந்த திகதி, தொழில், நூல்கள், வெளிவந்த ஆண்டு, கைது விபரம், தடுத்து வைத்த இடம், நீதிமன்றம், வழக்கு இலக்கம், அடுத்த தவணை, நோய், மருந்து, குடும்பம், கோரிக்கை. கோரிக்கை ஒன்றாக இருக்கட்டும், இரண்டுக்கு மேல் வேண்டாம். "உடனடி விடுதலை, அதுவரை சட்டத்தரணியும் குடும்பமும் தடையின்றிச் சந்திக்க அனுமதி" என்பது போதும். சம்பளப் பிரச்சினை, காணிப் பிரச்சினை எல்லாவற்றையும் அதே பக்கத்தில் ஏற்றினால் எதற்கும் பதில் வராது. அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, பிள்ளைகள் படிக்கும் பாடசாலை ஆகியவை சட்டத்தரணிக்கும் ஐ.நா.வுக்கும் போகும் பிரதியில் மட்டும் இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் சுற்றும் பிரதியில் அவை இருக்கவே கூடாது.

சித்திரவதை என்ற சொல்லைக் கவனமாகப் பயன்படுத்துங்கள். அடித்தார்கள் என்றால் சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டும்படி நீதவானிடம் கேட்டு அறிக்கை வாங்க வேண்டும். அறிக்கை வரும் வரை "அடித்ததாகக் குடும்பத்திடம் கூறினார்" என்று எழுதுவதே சரி. ஒரு தகவல் பொய் என்று அரசாங்கம் காட்டிவிட்டால் மற்றப் பத்து உண்மையும் அதோடு அடிபடும்.

அடுத்து, எழுத்து. குற்றம் சாட்டப்பட்ட கவிதையோ கதையோ முழுமையாக, பக்கத்தின் படத்தோடு, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் வேண்டும். நீதிமன்றத்துக்கான சிங்கள மொழிபெயர்ப்பைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டும். ஆங்கிலத்தை இலக்கியம் தெரிந்த வேறொருவர் செய்யட்டும். பொலிஸ் கோப்பில் பெரும்பாலும் இருப்பது அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிய்த்தெடுத்த வரிகள்தான். தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தி பற்றிய ஒரு வரி வெறும் கத்தியாகக் கோப்பில் ஏறினால், தேயிலை மலை தெரியாத ஒருவர் அதை எப்படி வாசிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். பேராதனை போன்ற பல்கலைக்கழகத்தின் தமிழ்த்துறையில் இருவரிடம், தனித்தனியாக, அந்தப் படைப்பு என்ன சொல்கிறது என்று இரண்டு பக்கத்துக்கு மிகாத கடிதம் வாங்குங்கள். புகழுரை வேண்டாம். "இது அஞ்சலிக் கூட்டமில்லை ஐயா" என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அதோடு, அவருடைய பழைய பதிவுகள் எல்லாவற்றையும் நம் ஆட்களே ஒருமுறை வாசிக்க வேண்டும். வன்முறையையோ இன வெறுப்பையோ தூண்டியவர்களை எழுத்தாளர்களின் உலக அமைப்பான பென் இன்டர்நெஷனலும் எடுத்துக்கொள்ளாது, மனச்சாட்சிக் கைதி என்ற பெயரை மனித உரிமை அமைப்பான அம்னெஸ்டியும் கொடுக்காது. ஐந்து வருடத்துக்கு முன் கோபத்தில் இன்னொரு சமூகத்தைத் திட்டிப் போட்ட ஒரு பின்னூட்டம் எதிர்த்தரப்பு கையில் இருந்து வெளிவருவதை விட, நாமே முன்கூட்டிச் சொல்லிவிடுவது மேல். எதையும் அழிக்காதீர்கள். கைதுக்குப் பிறகு அழித்தால் சாட்சியத்தை அழித்தது என்று புதுப் பிரச்சினை வரும். குற்றம் சாட்டப்பட்ட கவிதையை ஆதரவு காட்ட ஆளாளுக்குப் பகிர்வதையும் சட்டத்தரணி சொல்லும் வரை நிறுத்தி வையுங்கள்.

இப்போது எங்கே அனுப்புவது. பென் இன்டர்நெஷனலுக்கு 1960இலிருந்து சிறையிலுள்ள எழுத்தாளர்களுக்கென்று ஒரு குழு உண்டு. நவம்பர் 15 சிறையிலுள்ள எழுத்தாளர் தினம். அந்த நாளில் உலகெங்கும் முன்னிறுத்தப்படும் பெயர்கள் ஒரு கைவிரலில் அடங்கும். அதில் இடம் வேண்டுமென்றால் நவம்பரில் எழுதினால் காலம் கடந்துவிடும். கோடையிலேயே கோப்பு அவர்கள் கையில் இருக்க வேண்டும். அம்னெஸ்டியின் அவசர நடவடிக்கை வேகமானது. ஆனால் குடும்பத்தின் சம்மதம் தெளிவாக இருக்க வேண்டும். பத்திரிகையில் எழுதியவர் என்றால் பத்திரிகையாளர் பாதுகாப்பு அமைப்புகளும் எடுத்துக்கொள்ளும். வெறும் கவிஞரை அவை தங்கள் வரம்புக்குள் வராதவர் என்று சொல்லலாம்.

ஐ.நா.வில் இரண்டு வழி. தன்னிச்சையான தடுத்துவைப்புப் பற்றிய செயற்குழுவுக்கு ஒரு வினாக்கொத்து உண்டு. இணைப்புகள் தவிர்த்து 20 பக்கத்துக்குள், ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானிஷ் மூன்றில் ஒன்றில் எழுத வேண்டும். உள்நாட்டு வழிகளை முடித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அரசாங்கத்துக்குப் பதிலளிக்க 60 நாள் கொடுப்பார்கள். அவர்கள் பிரிக்கும் ஐந்து வகையில் கருத்துச் சுதந்திரத்தைப் பயன்படுத்தியதற்காகப் பிடித்தது இரண்டாவது வகை. மனுவில் அதை வெளிப்படையாகச் சொல்லி, உடன்படிக்கையின் 19ஆம் உறுப்புரையைக் குறிப்பிடுங்கள். மற்ற வழி கருத்துச் சுதந்திரம் பற்றிய விசேட அறிக்கையாளர். அவர் அரசாங்கத்துக்கு எழுதும் கடிதம் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு இணையத்தில் பகிரங்கமாகும், பெயரும் அதில் இருக்கும். அதனால் சிறையில் இருப்பவரின் அல்லது நெருங்கிய உறவின் சம்மதம் எழுத்தில் வேண்டும். கைநாட்டு என்றால் சமாதான நீதவான் முன்னால், வாசித்துக் காட்டியதாக ஒரு வரியோடு வைக்க வேண்டும்.

ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குத் தனிநபர் முறைப்பாடு என்று ஒரு மூன்றாவது வழியை வெளிநாட்டு நண்பர்கள் சொல்வார்கள். இலங்கை 1997இல் அதற்கான விருப்ப நெறிமுறையில் சேர்ந்ததும் உண்மை. ஆனால் 2006இல் சிங்கராசா வழக்கில் அப்படிச் சேர்ந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. அங்கே வென்றாலும் இங்கே செல்லாது. குடும்பத்தின் நேரத்தையும் பணத்தையும் அதில் போட நான் சொல்லமாட்டேன்.

தூதரகங்களைப் பற்றி ஒரு விடயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். "ஜீ.எஸ்.பி. பிளஸ்ஸை நிறுத்து" என்பது கேட்க உறைப்பான கோரிக்கை. அது யாரை அடிக்கும்? தேயிலையை அவ்வளவாக அடிக்காது. கறுப்புத் தேயிலைக்கு ஐரோப்பாவில் சாதாரணமாகவே வரி இல்லை, நம் தேயிலையின் பெரிய வாடிக்கையாளர்கள் ஈராக், ரஷ்யா, துருக்கி பக்கம். சலுகையில் பெரும்பங்கு ஆடைத் தொழிலுக்கு. கட்டுநாயக்கவிலும் கொழும்பைச் சுற்றிலும் ஆடைத் தொழிற்சாலைகளில் தைக்கிற பிள்ளைகளில் நுவரெலியா, பதுளைத் தோட்டங்களிலிருந்து போனவர்கள் எத்தனை பேர் என்று எந்த லயத்திலும் கேட்டுப் பார்க்கலாம். எழுத்தாளரின் தங்கச்சியே அங்கே வேலை செய்யலாம். 2010இல் நிறுத்திய சலுகை திரும்பி வர 2017 மே வரை ஆனது.

நிறுத்தும்படி கேட்காமலே அந்தச் சலுகையைப் பயன்படுத்தலாம். சலுகைக்கு 27 சர்வதேச உடன்படிக்கைகள் நிபந்தனை. அவற்றை நிறைவேற்றுகிறார்களா என்று பார்க்க ஐரோப்பிய ஒன்றியம் கண்காணிப்புக் குழுக்களை அனுப்புகிறது. 2021 ஜூன் தீர்மானத்துக்குப் பிறகு அப்படி ஒரு குழு செப்டெம்பர் கடைசியில் கொழும்புக்கு வந்தது. அந்த வருகைக்கு ஆறு வாரத்துக்கு முன் நம் ஒரு பக்கம் கொழும்பிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத் தூதுக்குழுவிடம் இருக்க வேண்டும். "இந்தப் பெயரை உங்கள் கேள்விப் பட்டியலில் சேருங்கள்" என்பதே கோரிக்கை. அதேபோல் ஜெனீவாவில் மனித உரிமைகள் பேரவை பெப்ரவரி-மார்ச், ஜூன், செப்டெம்பர் காலங்களில் கூடும். கூடுகிற வாரத்தில் மின்னஞ்சல் அனுப்பிப் பயனில்லை.

தூதரகங்கள் செய்யக்கூடிய இன்னொன்று வழக்கைப் பார்க்க ஆள் அனுப்புவது. நீதிமன்றத்தில் பின்வரிசையில் ஒரு வெளிநாட்டு அலுவலர் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருந்தால் தவணை போடுகிற பேச்சின் தொனி மாறும். ஆனால் கொழும்பிலிருந்து ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ காலை நீதிமன்றம் கூடுவதற்குள் வர முந்தின இரவே புறப்பட வேண்டும். குறைந்தது பத்து நாளுக்கு முன் திகதி, வழக்கு இலக்கம், சட்டத்தரணியின் தொலைபேசி மூன்றையும் கொடுங்கள். தவணை மாறினால் அன்றைக்கே சொல்லுங்கள். ஒருமுறை வீணாக வந்தவர் மறுமுறை வரமாட்டார்.

கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறதே, அங்கே போனால் என்ன என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். எழுத்தாளர் இலங்கைப் பிரஜை. தன் நாட்டுப் பிரஜைக்காகத் தலையிடுவதுபோல் இந்தியா தலையிட முடியாது. மனுக் கொடுக்கலாம், கொடுத்ததைப் படம் பிடித்து ஊரெல்லாம் போட வேண்டாம். 1948இல் பிரஜாவுரிமையைப் பறித்த காலத்திலிருந்தே நம்மை "அந்தப் பக்கத்து ஆட்கள்" என்று சொல்லக் காத்திருப்பவர்கள் உண்டு. சன்சாலுக்குப் பிரான்ஸ் எப்படியோ, நமக்கு இந்தியா கொஞ்சம் அப்படித்தான். சுவிற்சர்லாந்து, நோர்வே, கனடா என்று எந்தக் கதவைத் தட்டினாலும், இந்த அரசாங்கத்தோடு அந்த நாட்டுக்கு இப்போது என்ன சண்டை இருக்கிறது என்று முதலில் பாருங்கள். சண்டை இல்லாத நாடு மெதுவாகக் கேட்டால் அதற்கு மதிப்பு அதிகம்.

கெடுவது பெரும்பாலும் நம் பக்கத்திலேயே. மூன்று சங்கம் மூன்று குழு அமைக்கும், மூன்று குழுவும் மூன்று விதமான கைதுத் திகதியோடு எழுதும். குடும்பத்தின் சார்பில் பேச ஒரே ஆளை எழுத்தில் நியமித்து, அந்தக் கடிதத்தின் பிரதியை எல்லா அமைப்புக்கும் அனுப்பினால் பாதி குழப்பம் தீரும். அவர் அரசியல்வாதியாக இருக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். புலம்பெயர் நண்பர்களின் ஆர்ப்பாட்டத்தில் புலிக்கொடி ஒன்று தெரிந்தால், பயங்கரவாதத் தடைச் சட்ட வழக்கில் அந்தப் படம் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை. அவர்களிடம் முன்கூட்டியே, கெஞ்சியாவது, சொல்லிவிட வேண்டும். பணம் வந்தால் சட்டத்தரணியின் கட்டணமாக, ரசீதோடு வரட்டும். தாயின் வங்கிக் கணக்குக்குத் தெரியாத பெயர்களிலிருந்து வந்தால் அதுவே ஒரு விசாரணையாகிவிடும். தொழிற்சங்கங்களின் சர்வதேசச் சம்மேளனங்கள் நமக்கு இருக்கும் நல்ல பலம். ஆனால் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.வின் சங்கச் சுதந்திரக் குழு, கைது சங்க வேலையோடு தொடர்புபட்டிருந்தால்தான் எடுத்துக்கொள்ளும். கவிதைக்காகப் பிடித்தவரை அங்கே கொண்டுபோய்த் திரும்பி வராதீர்கள்.

பிணை கிடைத்த அன்றே எல்லோரும் கலைந்துவிடுவது அடுத்த தவறு. அஹ்னாபுக்குப் பிணைக்கும் விடுதலைக்கும் இடையில் இரண்டு ஆண்டு ஓடியது. சத்குமாரவுக்கு ஒன்றரை ஆண்டு. அந்தக் காலத்தில் கடவுச்சீட்டு நீதிமன்றத்தில் இருக்கும், பொலிஸில் கையெழுத்து வைக்க வேண்டியிருக்கும், ஆசிரியராக இருந்தால் வேலை இடைநிறுத்தத்தில் இருக்கும். வெளியில் எந்த அமைப்பின் பட்டியலிலும் முதல் பக்கத்தில் அவர் இருக்கமாட்டார். ஒவ்வொரு தவணைக்குப் பிறகும் பழைய மின்னஞ்சல் தொடரிலேயே இரண்டு வரி அனுப்புங்கள்: என்ன நடந்தது, அடுத்த திகதி என்ன. அவ்வளவு போதும், கோப்பு மூடப்படாமல் இருக்கும். பஸ் காசுக்கும், போகிற நாளில் போகும் பேருக்கும் ஊரில் ஒரு சிறு நிதி வைத்துக்கொள்ளுங்கள்.

வழக்கு முடிந்தால் கட்டளையின் சான்றுபடுத்திய பிரதியை நீதிமன்றப் பதிவாளரிடம் கேட்டு வாங்க வேண்டும். வேலைக்குத் திரும்ப, விசா எடுக்க, எங்காவது மறுபடி தடுத்து நிறுத்தினால் காட்ட அது வேண்டும். அமைப்புகளுக்கும் ஒரு பிரதி அனுப்பிப் பட்டியலைத் திருத்தச் சொல்லுங்கள். கடைசியாக, கைதான இரவில் எழுதி வைத்த அந்தப் பொருட் பட்டியலை எடுத்து, தொலைபேசி, கணினி, கையெழுத்துக் கொப்பிகள் ஒவ்வொன்றையும் வழக்குப் பொருள் இலக்கத்தோடு ஒப்பிட்டு, திருப்பித் தரும்படி சட்டத்தரணி மூலம் விண்ணப்பம் போடுங்கள். கொப்பிகளைப் பக்கம் எண்ணி வாங்கிக்கொண்டு கையெழுத்து வையுங்கள்.